கொரில்லாக்களை எண்ணப் போனவர், அவற்றின் பக்கத்திலேயே புதைக்கப்பட்டார்: யார் இந்த டயான் ஃபாஸி?

ருவாண்டாவின் எரிமலைகள் தேசியப் பூங்காவில் மலை கொரில்லாவைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆளுக்கு 1,500 டாலர் கட்டணம். நம்ம பணத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டும். அவ்வளவு கொடுத்தாலும் ஒரு மணி நேரம்தான். ஒரு கூட்டத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு 8 பேருக்கு மட்டுமே அனுமதி. முகக்கவசம் போட வேண்டும், சில மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும், சளி இருமல் இருந்தால் மேலே ஏறவே விடமாட்டார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் கொரில்லா நம்மைக் கண்டு ஓடாமல் நிதானமாக இலையை மென்றுகொண்டு இருக்கிறதே, அது தானாக நடந்ததில்லை. மனிதர்களைப் பார்த்தால் தெறித்து ஓடிய ஒரு விலங்கோடு பல வருஷம் பொறுமையாக உட்கார்ந்து பழகியவர் டயான் ஃபாஸி. வேடிக்கை என்னவென்றால், கொரில்லாவைக் காட்டிச் சம்பாதிக்கும் சுற்றுலாவை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. இன்றைக்கு மலை கொரில்லாக்கள் பிழைத்திருப்பதற்கு அவரும் காரணம், அவர் எதிர்த்த சுற்றுலாவும் காரணம். அந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ள அவருடைய கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

கடன் வாங்கி ஆப்பிரிக்கா போனவர்

ஃபாஸி பிறந்தது 1932 ஜனவரி 16, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில். 6 வயதில் அப்பா அம்மா பிரிந்துவிட்டார்கள். அம்மா மறுமணம் செய்துகொண்டார். வளர்ப்பு அப்பா கட்டுமானத் தொழிலில் இருந்தவர், கண்டிப்பான மனிதர். 10 வயது ஆகும்வரை பெரியவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட அந்தப் பெண்ணுக்கு அனுமதி கிடையாது. வீட்டில் வளர்க்க விட்ட ஒரே உயிர் ஒரு தங்கமீன்.

கால்நடை மருத்துவராக வேண்டும் என்று கல்லூரியில் சேர்ந்தார். வேதியியலும் இயற்பியலும் காலை வாரிவிட்டன. பிறகு ஆக்குபேஷனல் தெரபி படித்து 1954-ல் பட்டம் வாங்கினார். கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில், உடல் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான மருத்துவமனையில் வேலை. பேசத் தயங்கும், பயந்து ஒதுங்கும் பிள்ளைகளோடு அவசரப்படாமல் பழகுவதே அங்கே அன்றாட வேலை. பின்னாளில் கொரில்லாக்களிடம் அவர் காட்டிய பொறுமைக்கு இந்த வேலைதான் பயிற்சி என்று எனக்குத் தோன்றுகிறது. விலங்கியல் பட்டம் இல்லாததே ஒருவகையில் நல்லதாகப் போயிற்று.

1963-ல் வங்கியில் 8,000 டாலர் கடன் வாங்கி ஏழு வாரம் ஆப்பிரிக்கா போனார். தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில், ஆதிமனித எலும்புகளைத் தோண்டியெடுத்துக்கொண்டிருந்த லூயிஸ் லீக்கியைச் சந்தித்தார். அங்கேயே வழுக்கி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். அந்தக் காலோடு, காங்கோ பக்கம் இருக்கும் மிகேனோ மலையில் ஏறி முதல்முறையாகக் கொரில்லாவைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பி, வாங்கிய கடனை அடைக்க வேலை பார்த்துக்கொண்டே அந்த மலையை நினைத்துக்கொண்டிருந்தார்.

1966-ல் லீக்கி சொற்பொழிவு ஆற்ற லூயிவில் வந்தார். மனிதனின் மூதாதையர் எப்படி வாழ்ந்திருப்பார்கள் என்று ஊகிக்க, வாலில்லாக் குரங்குகளை வருடக்கணக்கில் கூடவே இருந்து கவனிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. சிம்பன்சிகளுக்கு ஜேன் குடாலை அனுப்பியாயிற்று. கொரில்லாவுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். காட்டுக்குப் போவதானால் அப்பெண்டிக்ஸை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும் என்று ஃபாஸியிடம் சொன்னார். ஃபாஸி ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்பினால் லீக்கியின் கடிதம் காத்திருந்தது: அதெல்லாம் தேவையில்லை, உங்கள் உறுதியைச் சோதிக்கத்தான் சொன்னேன் என்ற பொருளில்! இன்றைக்கு ஒரு பேராசிரியர் இப்படிச் செய்தால் புகார் போயிருக்கும்.

ஓட வைத்த கலகம், பிறந்தது கரிசோகே

1967 ஜனவரியில் காங்கோவின் கபாராவில் கூடாரம் போட்டார். சன்வெக்வே என்ற அனுபவசாலி தடம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். மிதிபட்ட செடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, சாணம் எவ்வளவு சூடாக இருக்கிறது, இரவு படுத்த இலைப்படுக்கை எத்தனை என்று பார்த்தே கூட்டத்தைத் தேடிப் பிடிக்கலாம். இந்த வித்தையைப் புத்தகத்திலிருந்து யாரும் கற்றதில்லை. ஃபாஸியின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். தடம் பார்த்தவர்கள் பெயர் பலருக்குத் தெரியாது.

ஆறு மாதம்தான். ஜூலையில் அந்தப் பகுதியில் கலகம் வெடித்தது. ராணுவத்தினர் அவரை மலையிலிருந்து இறக்கிக் காவலில் வைத்தார்கள். ஒருவழியாகத் தப்பி உகாண்டாவுக்குப் போய்ச் சேர்ந்தார். வேறு யாராக இருந்தாலும் அடுத்த விமானத்தில் ஊருக்குப் போயிருப்பார்கள். இவர் அதே எரிமலைத் தொடரின் ருவாண்டா பக்கம் போய், 1967 செப்டம்பர் 24-ல் புது முகாம் போட்டார். கரிசிம்பி, விசோகே என்ற இரண்டு மலைகளுக்கு நடுவில் இருந்ததால் இரண்டு பெயரையும் ஒட்டி கரிசோகே. சுமார் 3,000 மீட்டர் உயரம், ஓயாத மழை, மூடுபனி, சேறு. ஓயாமல் சிகரெட் பிடிப்பவருக்கு அந்த உயரமும் ஈரமும் ஆகுமா? பிற்காலத்தில் நுரையீரல் மோசமாகி மலை ஏறவே திணறினார்.

எப்படிப் பழகினார்?

கொரில்லாக் கூட்டத்துக்கு ஒரு தலைவன் உண்டு. வயது ஏற ஏற முதுகு முடி வெள்ளியாக மாறுவதால் வெள்ளிமுதுகு ஆண் என்பார்கள். அது நெஞ்சில் அறைந்துகொண்டு கத்திக்கொண்டு பாய்ந்து வந்தால் யாருக்கும் ஓடத்தான் தோன்றும். ஃபாஸி ஓடவில்லை. தரையோடு தரையாகக் குனிந்தார், பார்வையைத் தாழ்த்தினார். கை முட்டியை ஊன்றி நகர்ந்தார், காட்டு செலரித் தண்டை மென்றார், உடம்பைச் சொறிந்துகொண்டார், வயிறு நிறைந்த கொரில்லா போடும் திருப்திச் சத்தத்தை அப்படியே போட்டார். ஆறடி உயரப் பெண் இப்படித் தவழ்ந்து வருவதைப் பார்த்து அவற்றுக்கே பயத்தைவிட ஆர்வம் அதிகமாகியிருக்க வேண்டும். 1970-ல் பீனட்ஸ் என்ற ஆண் கொரில்லா கையை நீட்டி அவர் விரல்களைத் தொட்டது. காட்டுக் கொரில்லா தானாக வந்து ஒரு மனிதரை நட்போடு தொட்டதாகப் பதிவான முதல் சம்பவம் அதுதான்.

எண்ணுவது எப்படி? புலிக்கு வரி மாதிரி கொரில்லாவுக்கு மூக்கு. மூக்குக்கு மேலே இருக்கும் சுருக்கங்கள் ஒன்றுக்கு ஒன்று மாறும். அவற்றை ஃபாஸி கோட்டோவியமாக வரைந்து வைத்தார். ஒவ்வொன்றுக்கும் பெயர். எது யாருக்குப் பிறந்தது, எது கூட்டம் மாறியது, எது செத்தது என்று தினமும் பதிவு. ஆண் என்று நினைத்திருந்த பக் என்ற கொரில்லா திடீரென்று குட்டி போட, இருக்கவே முடியாது என்று ஆங்கிலத்தில் வாயைப் பிளந்த கதை, குட்டிக்கு கேன்ட்ஸ்பீ என்ற பெயராகவே நின்றுவிட்டது. இந்தப் பதிவுகளை வைத்துத்தான் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கினார். கொரில்லா என்றால் கிங்காங் என்று நினைத்திருந்த உலகத்துக்கு, அது குடும்பமாக வாழும், பெரும்பாலும் செடி கொடி தின்னும் சாது என்று காட்டியது இந்த வேலைதான்.

டிஜிட்

நான்காம் கூட்டத்தில் டிஜிட் என்று ஒரு ஆண் கொரில்லா. விரல் ஒன்று கோணியிருந்ததால் அந்தப் பெயர். அதன் வயதில் விளையாட வேறு துணை இல்லை. ஃபாஸியிடம் வந்து ஒட்டிக்கொண்டது. ருவாண்டாவின் சுற்றுலா போஸ்டரில்கூட டிஜிட்டின் படம்தான்.

1977 டிசம்பர் 31 அன்று ஈட்டியும் நாயுமாக வேட்டைக்காரர்கள் வந்தார்கள். கூட்டத்தில் இருந்த மற்ற 13 கொரில்லாக்களும் தப்பிக்கட்டும் என்று டிஜிட் நின்று சண்டை போட்டது. உடம்பில் ஐந்து ஈட்டிக் காயம். தலையையும் கைகளையும் வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். அந்தக் காலத்தில் கொரில்லாக் கையைச் சாம்பல் கிண்ணமாக்கி விற்றார்கள், வாங்கவும் ஆள் இருந்தது.

அதோடு முடியவில்லை. 1978 ஜூலையில் அதே கூட்டத்தின் தலைவன் அங்கிள் பெர்ட்டும், மாச்சோ என்ற பெண் கொரில்லாவும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காயம்பட்ட அவற்றின் குட்டி சில மாதத்தில் செத்தது. தலைவன் போனால் கொரில்லாக் கூட்டத்துக்கு என்ன ஆகும் தெரியுமா? காவல் போய்விடும். வேறு ஆண், தாய் மறுபடி கருத்தரிக்க வேண்டும் என்று பழைய தலைவனின் குட்டியைக் கொல்லும். நான்காம் கூட்டத்திலும் அதுதான் நடந்தது. ஒரு தோட்டா ஒரு உயிரோடு நிற்பதில்லை. குட்டியைப் பிடித்து விற்பதும் அப்படித்தான். உயிரைக் கொடுத்துக் காக்கும் பெரிய கொரில்லாக்களைக் கொல்லாமல் குட்டி கைக்கு வராது. 1969-ல் ஜெர்மனியின் கொலோன் மிருகக்காட்சி சாலைக்காகப் பிடிபட்ட கோகோ, பக்கர் என்ற இரண்டு குட்டிகளுக்கு ஃபாஸி வைத்தியம் பார்த்துத் தேற்றினார். தேறியதும் விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இரண்டும் 1978-ல் அங்கேயே செத்தன.

ஆய்வாளர் காவல்காரரானார்

டிஜிட் பெயரில் நிதி திரட்டி, சொந்த ரோந்துப் படை வைத்தார் ஃபாஸி. காட்டில் மான் வகைகளுக்காக வைக்கும் கம்பிக் கண்ணிகளில் கொரில்லாக்களும் மாட்டிக்கொண்டு கை கால் அழுகிச் சாகும். 1979-ல் நான்கே மாதத்தில் அவருடைய 4 ஊழியர்கள் 987 கண்ணிகளை அழித்தார்கள்.

இதுவரை கேட்டால் கைதட்டத் தோன்றும். ஆனா அவர் செய்தது இவ்வளவு மட்டும் இல்லை. பிடிபட்ட வேட்டைக்காரர்களைச் செந்தட்டிச் செடியால் அடித்தார். முகமூடி போட்டு, மந்திரம் தெரிந்த மாதிரி நடித்து மிரட்டினார். பூங்காவுக்குள் மேய்ந்த மாடுகளைச் சுட்டார். வேட்டைக்காரர் ஒருவரின் பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்ட சம்பவமும் உண்டு. மக்கள் நெருக்கம் அதிகமுள்ள ஏழை நாடு அது. 1969-ல்தான் பூச்சிமருந்து தயாரிக்கும் பைரித்ரம் பூ சாகுபடிக்காக அந்தப் பூங்காவில் ஏறக்குறைய 40 சதவீதத்தை அரசே வெட்டிக் கொடுத்திருந்தது. மலையடிவாரத்தில் கையளவு நிலம் வைத்திருந்தவருக்குக் கண்ணியில் விழும் மான் என்றால் கறி. அவரை வெளியூர்க்காரி ஒருத்தி அடித்தால் கோபம் வராதா? கொரில்லாவின் வலி தெரிந்த அளவுக்கு அடிவாரத்து மனிதர்களின் வலி ஃபாஸிக்குத் தெரியவில்லை. இதை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்வது நியாயமாகாது.

அதே 1979-ல் வேறொரு குழு எதிர்ப்பாதையில் போனது. சில கூட்டங்களை மட்டும் சுற்றுலாவுக்குப் பழக்கலாம், வரும் காசு பூங்காவுக்கும் நாட்டுக்கும் போகட்டும், பள்ளிகளில் பிள்ளைகளிடம் பேசுவோம் என்றது. ஃபாஸி கடுமையாக எதிர்த்தார். மனிதர்கள் கூட்டமாக வந்தால் நோய் வரும் என்ற அவர் பயம் பொய்யில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டின் தாயி மழைக்காட்டில், 1979 முதல் சிம்பன்சிகளோடு இதே மாதிரி பழகி ஆய்வு நடக்கிறது. அங்கே செத்த சிம்பன்சிகளின் உடலில் மனிதர்களிடமிருந்து வந்த சுவாச வைரஸ்கள் இருந்ததை 2008-ல் ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். அதே காட்டில் ஆய்வாளர்கள் நடமாடும் பகுதியில் வேட்டை குறைந்து விலங்குகள் அதிகம் இருப்பதும் தெரியவந்தது. கிட்டப் போனாலும் ஆபத்து, போகாமல் விட்டாலும் ஆபத்து. முகக்கவசமும் இடைவெளியும் கட்டாயமானது இதனால்தான்.

கடைசி டிசம்பர்

1980-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய் எழுதிய புத்தகம் 1983-ல் வந்தது. அது பின்னர் சினிமாவும் ஆனது. அவர் மறுபடி மலைக்கே திரும்பிவிட்டார். அப்போது விருங்கா மலைத்தொடர் முழுக்கச் சேர்த்தே 250 சொச்சம் கொரில்லாக்கள்தான் மிச்சம்.

1985 டிசம்பர் 27 காலையில், முகாமில் தன் அறையிலேயே மண்டை பிளந்து கிடந்தார். ஆயுதம் வெட்டுக்கத்தி. வயது 53. பணம் அங்கேயே இருந்தது. அங்கே வேலை பார்த்த அமெரிக்க ஆய்வு மாணவர் ஒருவருக்கு, அவர் நாட்டைவிட்டுப் போன பிறகு, ருவாண்டா நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அவர் குற்றத்தை மறுத்தார், அந்தத் தீர்ப்பை நம்பாதவர்கள் நிறைய பேர். முன்னாள் ஊழியர் ஒருவர் சிறையில் இறந்துபோனார். கொன்றது யார், எதற்காக என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. வேட்டைக்காரர்களால் கொல்லப்பட்ட கொரில்லாக்களுக்காக முகாமில் அவரே ஒரு இடுகாடு வைத்திருந்தார். அங்கே டிஜிட்டின் பக்கத்தில் அவரைப் புதைத்தார்கள்.

1994 இனப்படுகொலையின்போது கரிசோகே முகாம் நாசமானது. ஊழியர்கள் சிதறினார்கள், உயிரையும் இழந்தார்கள். திரும்பி வந்தவர்கள் கொரில்லாக்களைத் தேடிப் போய் மறுபடி பதிவேட்டைத் திறந்தார்கள். டிஜிட் நிதி இப்போது டயான் ஃபாஸி பெயரில் இயங்குகிறது, ருவாண்டாக்காரர்களே தினமும் தடம் பார்க்கிறார்கள். சுற்றுலா வருமானத்தில் 10 சதவீதம் பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது. 2019-ல் வெளியான கணக்கின்படி உலகில் மலை கொரில்லாக்கள் 1,063. அதற்கு முன்பே, 2018 நவம்பரில் மிக அபாய நிலையிலிருந்து ஒரு படி கீழே இறக்கி, அபாய நிலைப் பட்டியலில் சேர்த்தார்கள்.

இருக்கவே முடியாது என்று பெயர் வாங்கிய கேன்ட்ஸ்பீ 38 வயதுவரை வாழ்ந்து, பெரிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, 2017-ல் செத்தது. ஃபாஸி நேரில் பார்த்துப் பதிவு செய்தவற்றில் கடைசியாக மிஞ்சியது பாப்பி என்ற பெண் கொரில்லா. 1976 ஏப்ரல் 1-ல் பிறந்தது. 2018 ஆகஸ்டுக்குப் பிறகு தடம் பார்ப்பவர்கள் யார் கண்ணிலும் அது படவில்லை.