உத்தியோகம் விடுத்து நூலாராய்ச்சி புரிந்த மறைமலையடிகள்

வருவாயை விடுதல் ஒரு துறவு. வருவாயை விட்டும் உழைப்பை விடாமை அதனினும் அரியதாம். இதற்கு மறைமலையடிகள் வரலாறு தக்க சான்றாகும்.

அடிகள் நாகபட்டினத்தில் 1876-ஆம் ஆண்டு பிறந்தனர். பிள்ளைத் திருநாமம் வேதாசலம் என்பது. நாராயணசாமிப் பிள்ளையவர்கள்பால் தமிழ் நூல்களையும், சைவசித்தாந்த சண்டமாருதம் சோமசுந்தர நாயகரவர்கள்பால் சித்தாந்தப் பொருளையும் உணர்ந்தனர். 1898-ல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்து 13 ஆண்டு கற்பித்தனர். 1902-ல் ஞானசாகரம் என்னும் இதழைத் தொடங்கியதும், முல்லைப்பாட்டிற்கும் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரை வகுத்ததும், 1905-ல் சைவசித்தாந்த மகாசமாசம் தோன்ற உழைத்ததும் பாடம் சொல்லி எஞ்சிய பொழுதிலேயாம்.

பின்னர்ச் சென்னைச் சர்வகலாசாலையார் தமிழைக் கட்டாயப் பாடமென்னும் நிலையினின்று நீக்கவே, கல்லூரிகளில் தமிழாசிரியர்க்கிருந்த இடம் சுருங்கிற்று. 1911-ல் அடிகள் அவ்வுத்தியோகத்தினின்று நீங்கினர். அப்பொழுது வயது 34. மனைவியாரும் மக்களும் உடையர். பல்லாவரத்திற் குடியமர்ந்து, அவ்வாண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் துறவு பூண்டனர். ஆயினும் குடும்பத்தைக் கைவிட்டாரல்லர். திங்கள்தோறும் வந்த சம்பளம் நின்றபின், நூல் விற்பனையும் சொற்பொழிவுகளுமே மனைக்குப் பற்றுக்கோடாயின. சொற்பொழிவின் பொருட்டு இலங்கைக்கும் பலமுறை சென்று மீண்டனர்.

இவ்வாறு பெற்ற ஓய்வின் பயனே மாணிக்கவாசகர் வரலாறும் காலமும் என்னும் பெருநூல். சுவாமிகள் தேவார மூவர்க்கும் முற்பட்டவர், கி.பி. மூன்றாம் நூற்றாண்டினர் என அடிகள் அதன்கண் துணிந்தனர். அத்துணிபை அறிஞர் பலர் ஏற்றிலர். எனினும், மறுக்கப் புகுவார் அந்நூலைக் கல்லாது ஒருசொல்லும் உரைத்தல் இயலாது. பாண்டியன்பால் அமைச்சுரிமையைத் துறந்த பெருமானது காலத்தை, கல்லூரிப் பதவியைத் துறந்தார் ஒருவர் ஆராயப் புகுந்தமை சாலப் பொருத்தமுடைத்து.

வருவாய் குறைந்த அந்நாளிலும் அடிகள் நூல் வாங்குதலைக் குறைத்தாரல்லர். அவர் 1950-ல் சிவபதமடைந்தபின், ஏறக்குறைய 4000 நூல் கொண்ட அத்தொகுதியே 1958-ல் சென்னையில் அவர் பெயரால் யாவர்க்கும் பொதுவான நூல் நிலையமாயிற்று.

அடிகட்கு ஆதீனமில்லை, அறக்கட்டளையில்லை, நாளைய உணவிற்கு உறுதியுமில்லை. உண்டியும் உறையுளும் ஏட்டுச்சுவடிகளும் ஒருங்கே அமையப்பெற்ற மடாலயங்களைச் சார்ந்த நாம், நமக்கு வாய்த்த ஓய்வினால் சித்தாந்த நூல்கட்கு யாது செய்தனம் என்று ஒருகால் உள்ளத்தே வினவிக்கொள்வோமாக.

திருச்சிற்றம்பலம்.