இராமானுஜனும் பதின்மூன்று இலக்க எண்ணும்

கணித மேதை சீனிவாச இராமானுஜனின் பெயரை அறியாதார் நம்மில் இலர். 1729 என்னும் வாடகைக் கார் இலக்கத்தின் கதையையும் பலர் கேட்டிருப்பர். ஆதலின் அதனை விடுத்து, அவர் பெரிதும் உழைத்தாராய்ந்த வேறோர் எண்ணைக் காண்போம். அவ்வெண் 6,746,328,388,800.

1887ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆந் திகதி ஈரோட்டிற் பிறந்த இராமானுஜன் கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடையொன்றிற் கணக்கெழுதியவர். கணிதத்திலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் கல்லூரி உபகாரச் சம்பளம் போயிற்று, எப். ஏ. பரீட்சையிலும் இருமுறை தவறினார். (பிள்ளைகளை ஏசும் பெற்றோர் இதனைச் சற்று நினைப்பாராக, பிள்ளைகள் இதனைச் சாட்டாகக் கொள்ளற்க.) கடதாசி வாங்க வசதியின்றிக் கற்பலகையிற் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மாத்திரம் குறிப்புப் புத்தகத்திற் பதிந்து வந்தார். 1912இற் சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞரானார். மறு ஆண்டு இங்கிலாந்திலிருந்த பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவரை 1914இற் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு சென்றது.

அங்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று, மீதியின்றிப் பிரிபடும் எண்களைப் பற்றியது. 12ஐ எடுப்போம். அதனை 1, 2, 3, 4, 6, 12 என்னும் ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். 12இற்குக் குறைந்த எவ்வெண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. இவ்வாறு தன்னிற் சிறிய எல்லா எண்களையும் வகுத்திகளின் தொகையால் வெல்லும் எண்களை இராமானுஜன் நிரைப்படுத்தினார். நூற்றுக்கு மேற்பட்ட அவற்றின் அட்டவணையில் இறுதியாக நிற்பதே நாம் மேலே கூறிய எண். 2ஐ ஆறு முறை, 3ஐ நான்கு முறை, 5ஐயும் 7ஐயும் இவ்விரு முறை, 11, 13, 17, 19, 23 என்பவற்றை ஒவ்வொரு முறை எடுத்துப் பெருக்கினால் அது கிடைக்கும். அதன் வகுத்திகள் 10,080. சிறிய முதன்மை எண் பெரியதனிலும் குறைந்த தடவை வருதல் இவ்வெண்களில் ஒருபோதும் இல்லை என்பதையும் அவர் நிறுவினார். இத்தனையும் கணிப்பொறி இல்லாத காலத்திற் கையாற் செய்த வேலை!

1915இல் இலண்டன் கணிதக் கழகம் இவ்வாராய்ச்சியை வெளியிட்டது. யுத்தகாலப் பணமுடையால் ஒரு பகுதி அச்சேறாது நின்றது. ஆயினும் பரீட்சையில் தவறிய அவருக்கு 1916இற் கேம்பிரிட்ஜ் பி. ஏ. பட்டம் கிடைத்தது இவ்வெண்களாலேயே.

அட்டவணையில் ஒரு பிழையும் உண்டு, மறைப்பானேன்? 293,318,625,600 என்னும் எண் விடுபட்டுப் போயிற்று. இறுதி எண்ணை 23ஆல் வகுத்தால் வருவது இதுவே. அத்துணை அருகில் இருந்ததை அவர் எவ்வாறு தவறவிட்டார் என நாம் வியக்கிறோம்.

1917 முதல் நோய் வாட்டியது. 1918இல் றோயல் சங்கத்தின் உறுப்பினராகி, மறு ஆண்டு தாயகம் மீண்டார். 1920 ஏப்பிரல் 26ஆந் திகதி சென்னையில், முப்பத்திரண்டு வயதிற் காலமானார். அச்சேறாது நின்ற அப்பகுதி 1997இலேதான், அவர் பெயர் தாங்கிய கணித ஏடொன்றில் வெளிவந்தது.