தீரர் சத்தியமூர்த்தி: சட்டமன்றம் முதல் மாநகர் மன்றம் வரை

மன்றங்களுள் பெரியது எது, சிறியது எது என்னும் வினா பொதுவாழ்வில் அடிக்கடி எழுவதுண்டு. நாட்டுக்குச் சட்டம் இயற்றும் அவையே உயர்ந்தது என்றும், தெருவிளக்கையும் குடிநீரையும் பேசும் நகர மன்றம் அதனினும் தாழ்ந்தது என்றும் எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதைத் தீரர் சத்தியமூர்த்தியின் வாழ்வைக்கொண்டு நாம் ஈண்டு ஆராய்வோம்.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்துத் திருமயத்தில் 1887 ஆகஸ்டு 19-ஆம் நாள் பிறந்தவர் அவர். சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். எனினும், நீதிமன்றத்தைவிட அரசியல் மேடையே அவர்தம் நாவன்மைக்கு ஏற்ற களமாயிற்று. சட்டமன்றங்களைப் புறக்கணிப்பதா, உள்ளே சென்று போராடுவதா என்று காங்கிரசார் பிளவுபட்டு நின்ற காலம் அது. உள்ளே செல்வதே தக்கது எனத் துணிந்த அவர், சுயராச்சியக் கட்சியின் சார்பில் 1923-இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் புகுந்தார்.

அங்கு அவர் ஆற்றிய பணிகளுள் ஒன்றைத் தமிழ் பயில்வோராகிய நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும். 1928-இல் பாரதியாரின் பாடல் நூல்களை அரசு பறிமுதல் செய்தபோது, அதனைக் கண்டித்து அவையில் ஒத்திவைப்புத் தீர்மானம் கொணர்ந்தவர் அவரே. தம்மைக் காத்துக்கொள்ள இயலாத, மறைந்துபோன கவிஞர் ஒருவருக்காகச் சட்டமன்றத்தில் ஒரு குரல் எழுந்தது. தீர்மானமும் நிறைவேறிற்று.

பின்னர் விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1934-இல் நடந்த தேர்தலில் வென்று தில்லி மத்தியச் சட்டமன்றத்தை அடைந்தார். அங்குக் கேள்வி நேரத்தில் அவர் தொடுத்த வினாக்கள் ஆட்சியாளரைத் திணறச் செய்தன. 1936-இல் தமிழ்நாட்டுக் காங்கிரசின் தலைவராகி, காமராசரைச் செயலாளராகக் கொண்டு அடுத்த ஆண்டுத் தேர்தல் வெற்றிக்கு அயராது உழைத்தார். ஆயினும், 1937-இல் இராசாசி தலைமையில் அமைந்த அமைச்சரவையில் அவருக்கு இடம் கிட்டவில்லை. பல்கலைக்கழகத் தொகுதியையும் இராசாசிக்கென அவர் முன்னரே விட்டுக்கொடுத்திருந்தார். பிறராயின் மனம் கசந்து ஒதுங்கியிருப்பர்.

சத்தியமூர்த்தியோ ஒதுங்கவில்லை. 1939-இல் சென்னை மாநகராட்சியின் மேயராகப் பொறுப்பேற்றார். 1872 முதல் செங்குன்றம் ஏரியையே பெரிதும் நம்பியிருந்த சென்னைக்கு, பெருகிவரும் மக்கள்தொகையால் அந்நீர் போதாதாயிற்று. மழை பொய்த்த ஆண்டுகளில் மக்கள் பட்ட துன்பத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. கொசத்தலையாற்றின் வெள்ளம் வீணே கடலிற் கலப்பதைத் தடுத்து, பூண்டியில் அணை கட்டித் தேக்கி, கால்வாய்வழி நகருக்குக் கொணர்வதே அதற்குத் தீர்வு. அத்திட்டத்தை நிறைவேற்ற அவர் முனைந்தார்.

காலமோ உலகப்போர்க் காலம். காங்கிரசு அமைச்சரவையும் 1939 அக்டோபரில் பதவி துறந்திருந்தது. எந்த ஆட்சியைத் தம் கட்சி எதிர்த்து நின்றதோ, அதே ஆட்சியின் ஆளுநரான ஆர்தர் ஹோப்பின் இசைவை அவர் நாடவேண்டியிருந்தது. கட்சிக் கொள்கை ஒருபுறம், நகர மக்களின் தாகம் மறுபுறம் என நின்ற அந்நிலையில், அவர் மக்களின் தாகத்தையே பெரிதெனக் கொண்டார். 1940-இல் அவ்வாளுநரே பூண்டியில் அடிக்கல் நாட்டினார். கொள்கையில் தளர்ந்தார் என்று அவரைக் கூற எவராலும் இயலாது. 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் அதே ஆட்சி அவரைச் சிறைப்படுத்திற்று.

அமராவதிச் சிறையில் அவர் உடல்நலம் குன்றிற்று. 1943 மார்ச்சு 28-ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் உயிர் நீத்தார். பூண்டி நீர்த்தேக்கம் முற்றுப்பெற்றதோ 1944-இல். தாம் வித்திட்ட ஏரியில் நீர் நிறைவதை அவர் காணவில்லை. அவர் பெயரால் அது சத்தியமூர்த்தி சாகர் என வழங்கலாயிற்று. 1996-இல் கிருட்டிணை நீர் சென்னையை நோக்கி வந்தபோதும், அதனை ஏற்றுக்கொண்டது அந்நீர்த்தேக்கமே.

தம் அரசியல் ஆசானை மறவாத காமராசர், 1954-இல் முதலமைச்சராகப் பொறுப்பேற்கும் முன் அவர் இல்லத்திற்குச் சென்று வணங்கினார் என்பர். சட்டமன்றங்களில் அவர் நிகழ்த்திய பேருரைகள் இன்று ஏடுகளில் உறங்குகின்றன. நகர மன்றத்தில் ஓராண்டுக் காலம் அவர் ஆற்றிய பணியோ இன்றும் சென்னை மக்களின் குடங்களில் நீராய் நிறைகின்றது. மன்றத்தின் பெருமை அதன் உயரத்தில் இல்லை, அங்கு அமர்வோரின் உள்ளத்தில் உள்ளது என்பதை இளைய தலைமுறையினர் அவர் வாழ்வினின்றும் உணர்வாராக.