குதிரைப்படையிலிருந்து வந்த மின் பொறியாளர்



ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர்களில் பலர் பெங்களூர் ஹெச்.ஏ.எல். மியூசியத்துக்குக் குடும்பத்தோடு போய் வந்திருப்பீர்கள். அங்கே நிற்கும் ஹெச்.எஃப்-24 மாருத் போர் விமானத்தின் முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் போட்டோவும் எடுத்திருப்பீர்கள். அதை வடிவமைத்தது யார் என்று கேட்டால் மட்டும் திருதிருவென்று விழிப்போம். நானும் அப்படித்தான் விழித்தேன். மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். சரி, அந்த மனிதரைப் பற்றியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

குர்ட் டாங்க் 1898 பிப்ரவரி 24 அன்று, இன்று போலந்தில் இருக்கும் பிராம்பெர்க் நகரில் பிறந்தார். முதல் உலகப் போரில் விமானப் பிரிவில் சேர ஆசை. அப்பா விடவில்லை. குடும்ப வழக்கப்படி தரைப்படைக்குத்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆகவே குதிரைப்படை. போர் முடிந்ததும் பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் மின் பொறியியல் படித்து 1923-ல் வெளியே வந்தார். 1931-ல் ஃபோக்கே-வுல்ஃப் கம்பெனியில் சேர்ந்தார். தான் வடிவமைத்த விமானத்தைத் தானே ஓட்டிப் பார்க்கும் ஆள் அவர். அவருடைய காண்டோர் பயணிகள் விமானம் 1938 ஆகஸ்டில் பெர்லினிலிருந்து நியூயார்க்குக்கு எங்கும் இறங்காமல் 24 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது.

நம்ம எலெக்ட்ரிகல் பசங்க கவனிக்க வேண்டியது அடுத்த விமானம். ஃபோக்கே-வுல்ஃப் 190. முதல் முறை பறந்தது 1939 ஜூன் 1. அந்தக் காலத்தில் சக்கரக்கால்களை மடக்கப் பலர் ஹைட்ராலிக்கைத்தான் நம்பினார்கள். டாங்கும் முதல் இரண்டு மாதிரிகளில் அதையே வைத்தார். மூன்றாவதிலிருந்து மாற்றிவிட்டார். ஒவ்வொரு சக்கரக்காலுக்கும் ஒரு மின் மோட்டார், விமானியின் கையருகே பட்டன். இறக்கையின் ஃப்ளாப், வால் பகுதியின் சாய்வுத் திருத்தம், துப்பாக்கியை ஏற்றுவது, சுடுவது, எல்லாமே கரண்ட்தான். இன்ஜினோடு சுழலும் ஒரு ஜெனரேட்டர், துணைக்கு ஒரு பேட்டரி, 24 வோல்ட் டி.சி. விமானியின் வலது கைப்பக்கம் வரிசையாக சர்க்யூட் பிரேக்கர்கள்.

ஏன் இந்த மாற்றம்? எங்கள் ஷாப்பில் ஒரு தடவை பிரஸ்ஸின் ஹோஸ் வெடித்தது. ஒரே நிமிடத்தில் தரையெல்லாம் ஆயில், மெஷின் செத்துப்போச்சு. போர்க்களத்தில் குண்டு பட்ட விமானத்துக்கும் இதே கதிதான். குழாயில் எங்கே ஓட்டை விழுந்தாலும் ஆயில் முழுக்க வெளியே போய்விடும், அதை நம்பியிருக்கும் அத்தனையும் நின்றுபோகும். வயர் மெல்லியது, குண்டு படுவது அரிது. பட்டாலும் அந்த ஒரு சர்க்யூட்டை பிரேக்கர் துண்டித்துவிடும், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். பந்தயக் குதிரை எதற்கு, சேற்றிலும் மேட்டிலும் ஓடும் படைக்குதிரைதான் வேண்டும் என்பது அவர் கணக்கு.

ஆனால் கரண்டையும் அவர் முழுசாக நம்பிவிடவில்லை. எனக்குப் பிடித்ததே இதுதான். மோட்டார் வேலை செய்யாவிட்டால் கொக்கியை விடுவித்துவிட்டால் போதும், சக்கரக்கால் தன் எடையாலேயே கீழே விழும். விளக்கு எரியாவிட்டால்? சக்கரம் இறங்கியிருக்கிறதா என்று காட்ட இறக்கையின் மேல் ஒரு சின்னக் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு வயரே கிடையாது! 1942 ஜூனில் ஒரு ஜெர்மன் விமானி வழி தவறி வேல்ஸில் இறங்க, பிரிட்டிஷ்காரர்களுக்கு இந்த விமானம் முழுசாகக் கிடைத்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த வேலையெல்லாம் ஹிட்லரின் படைக்காக நடந்தது. அந்தக் கம்பெனியின் தொழிற்சாலைகளில் பிடித்து வந்த மக்களை அடிமைகளாக வேலை வாங்கினார்கள். தொழில் திறமை அந்தக் கணக்கை நேர் செய்துவிடாது.

போருக்குப் பின் 1947-ல் வேறு பெயரில் அர்ஜென்டினா போனார். அங்கே ஆட்சி கவிழ்ந்ததும் 1956-ல் தன் குழுவோடு பெங்களூருக்கு வந்தார். மாருத் வேலை துவங்கியது. முதலில் அதே அளவில் மரத்தில் ஒரு கிளைடர் செய்து, டகோட்டா விமானத்தின் பின்னால் கட்டி இழுத்துப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். 1961 ஜூன் 17 அன்று விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் நிஜ விமானத்தை மேலே ஏற்றினார்.

ஜெட் வேகத்தில் கட்டுப்பாட்டுப் பலகைகளைத் திருப்ப ஏகப்பட்ட விசை வேண்டும். அதனால் இங்கே டாங்க் ஹைட்ராலிக்குக்கே திரும்பினார். ஆனால் அது செத்தால் தானாகவே கைவிசைக்கு மாறும் ஏற்பாடும் இருந்தது. 1971 போரில் அடிபட்ட மாருத்கள் ஒற்றை இன்ஜினோடு திரும்பி வந்தன, கைவிசையால் ஓட்டிக்கொண்டு வந்த சம்பவங்களும் உண்டு.

இன்ஜின்தான் வாய்க்கவில்லை. எதிர்பார்த்த சக்திமிக்க ஆர்ஃபியஸ் 12 கைவிடப்பட்டது. சுமாரான ஆர்ஃபியஸ் 703 இரண்டை வைத்தே ஓட்டவேண்டியதாயிற்று. ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகம் என்று போட்ட கணக்கு காகிதத்திலேயே நின்றது. மொத்தம் 147 செய்தார்கள். 1990-ல் கடைசியாக ஓய்வு கொடுத்தார்கள். டாங்க் 1967-லேயே கிளம்பிவிட்டார். 1983 ஜூன் 5 அன்று ம்யூனிக்கில் காலமானார்.

2011-ல் சேவைக்கு வந்த போயிங் 787-ல் இன்ஜின்களில் நாலு ஜெனரேட்டர்கள், ஒவ்வொன்றும் 250 கே.வி.ஏ. வாலில் உள்ள துணை இன்ஜினில் 225 கே.வி.ஏ. வீதம் இன்னும் இரண்டு. ஒரு சின்ன தொழிற்பேட்டைக்கே போதும்! அதன் பிரேக்கும் கரண்டில்தான் பிடிக்கிறது. பேலகொண்டப்பள்ளி ஓடுதளப் பக்கம் விமான வேலை தேடிப்போகும் தம்பிகளே, இன்டர்வியூவில் சர்க்யூட் வரையச் சொன்னால் வரைந்துவிடுவீர்கள். ஜெனரேட்டர் நின்றுவிட்டால் சக்கரத்தை எப்படி இறக்குவாய் என்று கேட்டால், அந்தச் சின்னக் கம்பியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.