மருத்துவர் முல்லர்

1896ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பம்பாய் மாநகரைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் பற்றிக்கொண்டது. துறைமுகத்தை அடுத்த மாண்டவிப் பகுதியில் தோன்றிய நோய் சில திங்களுக்குள் நகரெங்கும் பரவியது. மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு ஊரை விட்டு ஓடினர். கடல் கடந்த ஐரோப்பிய நாடுகளும் அஞ்சின; பம்பாயிலிருந்து வரும் கப்பல் ஏதேனும் இந்நோயைத் தம் கரையில் இறக்கிவிடுமோ எனக் கவலையுற்றன. நோய் நிலவும் இடத்திற்கே சென்று அதனை ஆராய்ந்தறிய விரும்பிய வியன்னா நகர அறிவியற் கழகம், 1897ஆம் ஆண்டில் மருத்துவர் குழு ஒன்றை இந்தியாவிற்கு அனுப்பியது. அக்குழுவில் ஒருவராக வந்தவரே ஹெர்மன் பிரான்ஸ் முல்லர்.

முல்லர் 1866ஆம் ஆண்டில் ஆஸ்திரியா நாட்டில் பிறந்தவர். மருத்துவக் கல்வி முடித்தபின், வியன்னாவில் புகழ்பெற்ற பேராசிரியராய் விளங்கிய நோத்நாகலிடம் துணை மருத்துவராய் அமர்ந்தார். குருதியின் அணுக்களைப் பற்றி ஆராய்ந்து இளமையிலேயே பெயர் பெற்றார். பம்பாய்க்கு அவருடன் அல்பிரெக்ட், கோன், போஹ் என்னும் இளம் மருத்துவரும் வந்தனர்.

பிளேக்கின் கிருமியை 1894ஆம் ஆண்டில் ஹாங்காங்கில் யெர்சின் கண்டறிந்திருந்தார். ஆயினும் எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே அதனை மனிதனுக்குக் கொணர்கிறது என்பது அப்பொழுது நிலைநாட்டப்படவில்லை. நோயைத் தீர்க்கும் மருந்தும் இல்லை. அத்தகைய காலத்தில் முல்லர் நாள்தோறும் நோயாளரின் படுக்கையருகே நின்று, நாடி பார்த்து, குறிகளை எழுதி வைத்தார். அவருடைய தோழர்கள் இறந்தோரின் உடலை அறுத்துச் சோதித்தனர். ஏறத்தாழ இரண்டரைத் திங்கள் உழைத்தும் குழுவினருள் ஒருவரையும் நோய் தீண்டவில்லை.

ஊர் திரும்பிய குழுவினர் தம்முடன் பிளேக் கிருமிகளையும் கொண்டு சென்றனர். குழாயில் வளர்த்து அடைத்த அக்கிருமிகள் வியன்னாப் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ஆராய்ச்சி நிலையத்தில் இடம்பெற்றன. எலி முதலிய விலங்குகளுக்கு அவற்றைச் செலுத்தி ஆராய்ச்சி நடந்தது. கொடிய கிருமியை நாட்டிற்குள் கொண்டுவர இன்றுள்ளவை போன்ற இசைவு விதிகள் அக்காலத்தில் இல்லை. கொண்டுவந்தவர்கள் கற்றறிந்த மருத்துவர்கள். அவர்களுடைய அறிவும் நாணயமுமே போதிய காவல் எனக் கருதப்பட்டது. ஆனால் விலங்குகளின் கூண்டுகளைத் துப்புரவு செய்தவன் மருத்துவன் அல்லன். பாரிஷ் என்னும் பணியாள்.

1898ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் பாரிஷ் காய்ச்சலால் படுத்தான். நோய் அவனது நுரையீரலைத் தாக்கியிருந்தது. இருமலால் காற்றில் பரவும் இவ்வகைப் பிளேக் கட்டிப் பிளேக்கினும் கொடியது. சிகிச்சை செய்ய முல்லர் முன்வந்தார். அந்நோயை அருகிருந்து கண்டவர் அந்நகரில் வெகு சிலரே. அவருள் முதல்வர் அவர். பாரிஷ் அக்டோபர் 18ஆம் நாள் இறந்தான். நோயாளி கிடந்த அறையைத் தூய்மை செய்யும் வேலையைக்கூட முல்லர் பிறரிடம் விடவில்லை என்பர்.

சில நாளில் அவருக்கும் காய்ச்சல் கண்டது. தம் நோய் இன்னதென்பதையும் அதன் முடிவையும் அவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை. உடனே தம்மைத் தனி அறையில் அடைத்துக்கொண்டார். பிறர் உள்ளே வருவதை இயன்றவரை தடுத்தார். தெரிவிக்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிச் சாளரக் கண்ணாடியின் வழியே காட்டினார் என்று சொல்லப்படுகிறது. அக்டோபர் 23ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அவருக்கு அப்பொழுது ஏறத்தாழ 32 வயதே. பாரிஷுக்குப் பணிவிடை செய்த அல்பினே பேக்கா என்னும் செவிலியும் அத்திங்களின் இறுதியில் மாண்டாள். முல்லரைப் பேணிய போஹ் நோய்க்குத் தப்பினார்.

வியன்னா நகரம் நடுங்கியது. பம்பாயில் பல்லாயிரவரைக் கொன்ற நோய், கப்பலில் வந்த எலியாலன்றி, ஆராய்ச்சி நிலையத்துக் குழாயினின்றே வெளிப்பட்டதை எண்ணி மக்கள் சினந்தனர். ஆராய்ச்சியையே நிறுத்திவிட வேண்டும் என்றனர் சிலர். அச்சினம் இயல்பானதே, எனினும் கிருமியை ஆராயாமல் நோயை வெல்லுதல் இயலாது. ஆராய்ச்சியைக் கைவிடாமல் அதற்கு வரம்பு கட்டுவதையே அரசுகள் பின்னர் மேற்கொண்டன. ஜெர்மனி 1900ஆம் ஆண்டிலேயே பிளேக் கிருமியைக் கையாளுதற்கும் அனுப்புதற்கும் விதிகள் வகுத்தது.

இன்று பல நாடுகளில் அரசின் இசைவுச் சீட்டின்றி நோய்க்கிருமியை இறக்குமதி செய்தல் இயலாது. அமெரிக்காவில் அதனைப் பெற விரும்புவோர், கிருமி எது, எங்கிருந்து வருகிறது, எதன்பொருட்டு, எந்த ஆராய்ச்சி நிலையத்தில், எவ்வகைக் காப்புடன் வைக்கப்படும் என்பனவற்றை முன்னரே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதிகாரிகள் நிலையத்தை நேரில் பார்வையிடுவதும் உண்டு. கொடிய கிருமிகள் கசியாத கலம் ஒன்று, அதனைச் சூழ மற்றொன்று, புறத்தே உறுதியான பெட்டி என மூன்று உறைகளுள் வைத்து அனுப்பப்படுகின்றன. கூண்டு கழுவும் பணியாளுக்கும் பயிற்சி அளிக்க வேண்டும் என்பது இக்காலத்து ஆராய்ச்சி நிலையங்களின் நெறியாகும்.

பம்பாயில் முல்லர் எழுதி வைத்த குறிப்புகள் வீணாகவில்லை. பிளேக் நோயைப் பற்றிய நூல் ஒன்று 1900ஆம் ஆண்டில் வியன்னாவில் வெளிவந்தது. அதில் முல்லர், போஹ் ஆகிய இருவருடைய பெயர்களும் பொறிக்கப்பட்டிருந்தன. அப்பழைய மருத்துவமனை இன்று பல்கலைக்கழக வளாகமாக மாறிவிட்டது. அதன் முற்றத்தில் முல்லரின் நினைவுச்சின்னம் நிற்கிறது.