ஐயத்தில் பிறந்த அறிவியல்

நூலில் உள்ளதை அவ்வாறே மாணவர்க்கு உரைத்தல் எளிது. தமக்குத் தெளிவாகாத ஒன்றைத் தெளிந்ததுபோல் உரைக்க மனம் ஒப்பாத ஆசிரியர் ஒருவரால் இயற்பியலில் புதுவழி பிறந்தது. அவரே சத்தியேந்திரநாத் போஸ்.

போஸ் 1894ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் கொல்கத்தாவில் பிறந்தார். பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் ஆகிய பேரறிஞர்களிடம் பயின்றார். 1915இல் முதுநிலைக் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றார். இரண்டாமிடம் பெற்றவர் நண்பர் மேகநாத் சாகா. ஐன்ஸ்டைன் ஜெர்மன் மொழியில் எழுதிய சார்பியல் கட்டுரைகளை இருவரும் ஆங்கிலத்தில் பெயர்த்தனர்.

1921இல் தொடங்கப்பெற்ற டாக்கா பல்கலைக்கழகத்தில் போஸ் ஆசிரியரானார். வெப்பக் கதிர்வீச்சு பற்றிய பிளாங்க்கின் விதியைக் கற்பிக்கையில், அதன் விடை சரியாயினும் அதை அடைந்த வழி பொருந்தவில்லை என உணர்ந்தார். பழைய இயற்பியலும் புதிய குவாண்டம் கருத்தும் அதில் முரண்பட்டுக் கலந்திருந்தன. அக்குறையை நீக்க முனைந்தார்.

இரு நாணயங்களைச் சுண்டினால் பூ தலை என்பதையும் தலை பூ என்பதையும் தனித்தனியே எண்ணுவோம், வாய்ப்புகள் நான்காகும். நாணயங்களை வேறுபடுத்தி அறியவே இயலாதெனில் அவ்விரண்டும் ஒன்றே, வாய்ப்புகள் மூன்றே. ஒளித்துகள்களை இவ்வாறே எண்ணவேண்டும் என்பது போஸ் கண்ட உண்மை. அதைக் கொண்டு பிளாங்க்கின் விதியை முரணின்றி நிறுவினார்.

முனைவர் பட்டம் பெறாதவர்; அடிமைப்பட்ட நாட்டினர்; வயது முப்பது. எனினும் தயங்காமல் 1924 ஜூன் திங்களில் அக்கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். அதன் சிறப்பை உணர்ந்த ஐன்ஸ்டைன் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். பின்னர் ஐரோப்பா சென்று ஈராண்டுகள் ஆய்ந்த போஸ், 1926இல் டாக்கா திரும்பிப் பேராசிரியரானார்.

தாய்மொழியில் அறிவியல் வளர வேண்டுமென விழைந்த அவர், 1948இல் வங்க அறிவியல் மன்றத்தை நிறுவினார். 1954இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1974 பிப்ரவரி 4ஆம் நாள் மறைந்தார்.

அவர்தம் எண்ணும் முறைக்கு உட்பட்ட துகள்கள் ‘போசான்கள்’ என வழங்கப்படுகின்றன. ஒளித்துகள்களைக் கொண்டு குவாண்டம் கணினி அமைக்க முயலும் இன்றைய ஆய்வாளர்கள், அவை வேறுபடுத்த இயலாதவை என்னும் அதே இயல்பைப் பயன்கொள்கின்றனர். புரியவில்லை எனத் தமக்குத்தாமே ஒப்புக்கொண்ட ஆசிரியர் ஒருவரின் நேர்மை, நூறாண்டு கடந்தும் ஆய்வுக்கூடங்களில் பயன் விளைத்துக்கொண்டிருக்கிறது.