வீட்டைக் கொடுத்த ராஜா

ராஜபாளையத்தில் குமாரசாமி ராஜாவின் வீட்டைத் தேடிப் போகிறவர்கள் காந்தி கலை மன்றத்தில்தான் போய் நிற்க வேண்டும். சென்னை ராஜ்யத்தை ஆண்ட ஒருவர், தாம் வாழ்ந்த வீட்டையே கலைக்கும் படிப்புக்குமாக ஊராருக்கு எழுதிவைத்துவிட்டார். கொடுத்த வீட்டின் நெற்றியில் தம் பெயரைப் பொறித்துக்கொள்ளவும் இல்லை. காந்தியாரின் பெயரை வைத்தார். பத்து ரூபாய் நன்கொடை கொடுத்துவிட்டுக் கல்வெட்டில் பெயர் எங்கே என்று தேடும் பிரமுகர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, இது சற்று வியப்பாகத்தான் இருக்கிறது.

பூசப்பாடி சஞ்சீவி குமாரசாமி ராஜா 1898 ஜூலை 8-ஆம் நாள் ராஜபாளையத்தில் பிறந்தார். பெற்றோர் இருவரையும் பச்சிளம் பருவத்திலேயே பறிகொடுத்தவர். வீட்டிலே தெலுங்கு, வீதியிலே தமிழ் என்று வளரும் ராஜுக்கள் குலம். நிலபுலம் இருந்தது. அந்தக் காலத்து நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை என்ன செய்வான் என்பது தோழர்களுக்குத் தெரியும்: ஜஸ்டிஸ் கட்சியில் சேர்ந்து ஒரு பட்டம் வாங்குவான், அல்லது வண்டி கட்டிக்கொண்டு ஊர் சுற்றுவான். இவரோ கதரைக் கட்டினார், காங்கிரசிலே சேர்ந்தார், வெள்ளைக்காரன் ஆட்சியில் சிறையும் கண்டார். 1946-இல் பிரகாசம் அமைச்சரவையில் அமைச்சரானார்.

இங்கே சற்று நின்று பக்கத்து ஊரைப் பார்த்துவிட்டு வருவோம். ராஜபாளையத்துக்கு ஏறத்தாழ ஏழு மைல் தொலைவில் ஸ்ரீவில்லிபுத்தூர். தேரும் கோபுரமும் பால்கோவாவும் தெரிந்த அளவுக்கு அந்த ஊர் நூலகம் வெளியிலே தெரியாது. 1875-ஆம் ஆண்டில் தொடங்கியது அது. அப்போது அந்தப் பகுதி திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. கலெக்டராக இருந்த பென்னிங்டன் என்ற வெள்ளைக்காரரின் பெயரை அதற்கு வைத்தார்கள். கலெக்டர் போனார், அவருடைய சர்க்காரும் போயிற்று. பென்னிங்டன் நூலகம் மட்டும் நிற்கிறது. குமாரசாமி ராஜா பிறப்பதற்கு இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அந்த வட்டாரத்தில் பொதுமக்கள் படிக்க ஒரு கட்டடம் இருந்தது என்பதை மட்டும் தோழர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். எழுத்தறிந்தவர்களை விரல்விட்டு எண்ணக்கூடிய காலம் அது!

1949 ஏப்ரல் 6-ஆம் நாள், ஓமந்தூரார் விலகிய பிறகு, காமராசரின் ஆதரவோடு குமாரசாமி ராஜா பிரதம மந்திரியானார். மாகாணத்து முதலமைச்சரை அன்று அப்படித்தான் அழைப்பார்கள். ஆந்திரமும் மலபாரும் தென்கன்னடமும் தமிழகத்தோடு சேர்ந்திருந்த பெரிய சென்னை அது. 1950 ஜனவரி 26-இல் குடியரசு பிறந்தது. பிரதமர் என்ற பெயர் மாறி முதலமைச்சரானார்.

அந்த ஆட்சியை நாம் பூப்போட்டு வணங்கப் போவதில்லை. 1950 பிப்ரவரி 11-இல் சேலம் சிறையில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. கம்யூனிஸ்டுக் கைதிகள் இருபத்திரண்டு பேர் கம்பிக்குள்ளேயே மாண்டார்கள். அதே ஆண்டில், எழுதிய புத்தகத்துக்காக ஆட்களைப் பிடித்தார்கள். 'ஆரிய மாயை'க்காக அண்ணாவும், 'பொன்மொழிகள்' நூலுக்காகப் பெரியாரும் சிறை புகுந்தார்கள். அந்த முதலமைச்சர்தான் பின்னர் வீட்டைப் படிப்பகத்துக்குக் கொடுத்தவர். நல்லவர் என்று சொல்லி ஒன்றை மறைப்பதும், கெட்டவர் என்று சொல்லி மற்றொன்றை மறைப்பதும் நமக்கு உடன்பாடில்லை. இரண்டும் ஒரே மனிதரின் கணக்கில்தான் இருக்கின்றன.

அதே ஆட்சியில்தான் நூலகச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. ஓமந்தூரார் காலத்தில், 1948-இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறிய சட்டம் அது. பின்னாலிருந்து தூண்டியவர் சீர்காழி தந்த நூலக மேதை ரங்கநாதன். விடுதலை பெற்ற இந்தியாவில் நூலகத்துக்கென்று முதலில் எழுந்த சட்டம் அதுவே. 1950-இல் அமலுக்கு வந்தது. அதன் சூட்சுமம் மிக எளியது. சொத்துவரியில் ரூபாய்க்கு ஆறு பை, அதாவது அரையணா, நூலக வரியாக வசூலிக்க வேண்டும். அந்தப் பணத்தைச் சாலைக்கோ சாக்கடைக்கோ திருப்பக்கூடாது. புத்தகத்துக்கும் நூலகத்துக்கும்தான் போக வேண்டும். பணக்காரன் மனமிரங்கித் தந்தால் படிப்பது என்ற நிலை போய், வீட்டுக்காரன் கட்டும் வரியிலே கூலிக்காரன் படிக்கலாம் என்ற நிலை வந்தது. இந்த அரையணாவின் அருமை பலருக்கு இன்னும் தெரியாது.

ஏனென்று கேட்டால், சொந்தக் காசில் புத்தகம் வாங்குகிறவன் தனக்குத் தெரிந்ததைத்தான் வாங்குவான். வாரக் கூலியில் மிச்சம் பிடித்து ஒரு நாவல் வாங்குகிற ஆலைத் தொழிலாளி, பிடிக்குமோ பிடிக்காதோ என்று தெரியாத சரித்திர நூலில் அந்தக் காசைப் போடமாட்டான். போடச் சொல்லவும் நமக்கு வாய் வராது. நூலகத்திலோ கைதவறி எடுத்தாலும் நஷ்டமில்லை. ஒரு காலத்தில் துப்பறியும் கதைகளைத் தவிர வேறெதையும் தொடாதவர்கள் நாம். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் புத்தகம் வெளியே போயிருந்த ஒரு நாள், வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் பக்கத்திலிருந்த சாமிநாத சர்மாவை எடுத்து வந்தோம். கிரேக்க நாட்டுச் சங்கதி. முதல் இருபது பக்கம் கசந்தது; விடியும் வரை விளக்கெரிந்தது. எண்ணெய் வீணாகிறதென்று வீட்டில் வாங்கிய வசவு தனிக் கதை. பிறகு முத்தையா தமிழாக்கிய 'வால்காவிலிருந்து கங்கை வரை' கிடைத்தது. அது கதையா வரலாறா என்று சங்கத்திலே இரண்டு நாள் சண்டை போட்டோம். பெ. நா. அப்புசாமியின் விஞ்ஞானக் கட்டுரைகளைப் படித்த பிறகுதான், நாம் தினமும் தொட்டுப் பிழைக்கும் மின்சாரம் என்னவென்று நமக்கே புரிந்தது. இவற்றில் எதையும் நாம் தேடிப் போகவில்லை. அடுக்கில் பக்கத்திலே இருந்தன, அவ்வளவுதான்.

ராஜாவின் கதைக்குத் திரும்புவோம். 1952-இல் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை தந்த முதல் பொதுத்தேர்தல். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் முதலமைச்சர் நின்றார், தோற்றார். ஏழு மைல் தள்ளியுள்ள சொந்த வட்டாரமே கைவிட்டது. 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. அவரோடு அமைச்சர்கள் பலரும் வீழ்ந்தார்கள். அடுத்து முதலமைச்சராக வந்த ராஜாஜி, தேர்தலிலேயே நிற்காமல் மேல்சபை நியமனத்தின் வழியாக வந்தார் என்பதையும், தோற்றவர் ஏப்ரலில் பதவியை விட்டுப் போனார் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

1954-இல் அவரை ஒரிசாவுக்குக் கவர்னராக அனுப்பினார்கள். 1956 வரை அங்கே இருந்தார். ஓராண்டுகூட முழுதாக ஆகாமல், 1957 மார்ச் 16-இல் காலமானார். ஐம்பத்தெட்டு வயதுதான்.

மிஞ்சியது வீடு. ராஜபாளையம் அப்போதே ஆலை ஊர். 1936-இல் ராஜபாளையம் மில் வந்த பிறகு, சங்கு ஊதினால் தெரு நிறைய ஆள் நடக்கும் ஊர். நிலக்கிழார் வீட்டு வாசற்படியில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்களின் பிள்ளைகள், அதே மாதிரி ஒரு வாசற்படியைத் தாண்டி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து படிக்க முடிந்தது என்றால், அதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஊரின் படிப்பு எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு ஓர் ஆளைச் சொல்கிறோம். மு. கு. ஜகந்நாத ராஜா, 1933-இல் ராஜபாளையத்தில் பிறந்தவர். பிராகிருதம், பாலி, சமஸ்கிருதம், தெலுங்கு என்று மொழி மொழியாகக் கற்றுத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கிலே எழுதிய 'ஆமுக்தமால்யதா'வைத் தமிழாக்கிச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றார். அந்தக் காவியத்தின் கதாநாயகி யார் தெரியுமா? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள். ஏழு மைலுக்கு அப்பாலிருந்த பெண்ணின் கதை தெலுங்கிலே ஹம்பி வரை போய், நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து ராஜபாளையத்து மனிதர் ஒருவரின் கைவழியே தமிழுக்குத் திரும்பி வந்தது. 2008-இல் அவரும் மறைந்தார்.

இன்று இரண்டு ஊர்களும் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பேருந்தில் அரை மணி நேரம். அந்தப் பக்கம் போகிற தோழர்கள், பால்கோவா வாங்கிய கையோடு பென்னிங்டன் நூலகத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.